தோல்வியின் தோற்றங்கள்: அசைவூட்டப் படங்களிற் பிராணிகளின் போர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

போரில் வென்றவரைப் புகழ்வது எல்லாச் சமுதாயங்களுக்கும் பொதுவானது. தோற்றவரை எவ்வாறு காட்டுவது என்பதிலேதான் சமுதாயங்கள் தம்முள் வேறுபடுகின்றன. செயங்கொண்டாரின் பரணி வென்ற சோழரின் பெயரால் அன்றித் தோற்ற கலிங்கத்தின் பெயரால் வழங்குகின்றது. ஒட்டக்கூத்தரின் பரணியும் தோற்ற தக்கனின் பெயரையே தாங்கி நிற்கின்றது. வெற்றியின் பெருமையைத் தோற்றவரைக் கொண்டு அளக்கும் மரபு அது. இம்மரபைப் பற்றிப் பல நூல்கள் எழுதிய நாம், நம் காலத்துப் பிள்ளைகள் நாள்தோறும் காணும் போர்களைப் பற்றி ஏறத்தாழ எதுவுமே எழுதவில்லை. அவை 'காட்டூன்' என்ற ஒரு சொல்லால் ஒதுக்கப்பட்டுவிட்டன.

ஆயினும், எழுத்தறியுமுன்னரே ஒரு பிள்ளை தோல்வி என்பதன் உருவத்தைக் கண்டு கொள்வது பெரும்பாலும் இப்படங்களின் வாயிலாகவே. பூனை சுவரில் மோதித் தகடாகின்றது. பூதம் வெடித்துச் சிதறுகின்றது. சிறு விலங்கொன்று கண்கள் சுழலத் தரையிற் சாய்கின்றது. இவை வெறும் வேடிக்கைகள் அல்ல. தோற்றவரின் உடலுக்கு என்ன நேர்கின்றது, அவர் எங்கே போகின்றார், அவரை யார் தாங்குகின்றார், தோல்வியால் யார் எதை இழக்கின்றார் என்ற வினாக்களுக்கு இவை விடை கூறுகின்றன. அவ்விடைகள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றன. அம்மாற்றங்களையும் அவற்றின் சமுதாயக் காரணங்களையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்விற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நமக்கு ஓர் அளவுகோலைத் தருகின்றது. அழுகை என்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. பிறரால் இகழப்படுதல் இளிவு. உயிரையோ உறவையோ பொருளையோ இழத்தல் இழவு. முன்னைய நன்னிலை கெட்டுத் தளர்தல் அசைவு. இங்கு அசைவு என்பது இயக்கத்தைக் குறிப்பதன்று, தளர்ச்சியைக் குறிப்பது. நகை பிறக்கும் களன்களோ எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன. தோல்வி என்னும் ஒரே நிகழ்ச்சி அழுகையாகவும் நகையாகவும் உருவெடுக்கலாம் என்பதும், அழுகையாயினும் அது எவ்வகை அழுகை என்பது வேறுபடலாம் என்பதும் இப்பாகுபாட்டினால் தெளிவாகின்றன.

2

அசைவூட்டப் படத்திற் பிராணிகளின் போர் இறந்த உடல்களைக் கொண்டே தொடங்கியது என்பது மனங்கொள்ளத்தக்கது. லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் இயற்கை வரலாற்று நூதனசாலையொன்றின் பொறுப்பாளராக இருந்த லடிஸ்லாஸ் ஸ்டாரெவிச் (1882-1965), கலைமான் வண்டுகளின் சண்டையைப் படமாக்க விரும்பினார். இரவில் இயங்கும் அவ்வண்டுகள் விளக்கொளியில் இயங்க மறுத்தன. ஆகவே 1910ஆம் ஆண்டில் அவர் இறந்த வண்டுகளின் கால்களைக் கழற்றி, மெழுகு கொண்டு மீளப் பொருத்தி, ஒவ்வொரு சட்டத்துக்கும் சிறிது சிறிதாக நகர்த்திப் படம் பிடித்தார். பொம்மை அசைவூட்டப் படங்களுள் மிக முற்பட்டவற்றுள் அதுவும் ஒன்று. 1912இல் வெளியான அவருடைய 'அழகி லியுக்கானிடா' வண்டினங்களின் காதலையும் போரையும் வீரகாவியப் பாணியில் எள்ளி நகையாடியது. பயிற்றுவிக்கப்பட்ட உயிர்வண்டுகளே அதில் நடிக்கின்றன எனப் பார்வையாளர் பலர் நம்பினர் என்பது திரைப்பட வரலாற்றிற் பலமுறை சொல்லப்பட்ட செய்தி.

இந்நிகழ்ச்சியில் இக்கலையின் அடிப்படை முரண்பாடு முழுமையாக அடங்கியுள்ளது. இங்கே வென்ற வண்டும் இறந்தது; தோற்ற வண்டும் இறந்தது. வெற்றி, தோல்வி இரண்டையும் உண்டாக்குபவர் திரைக்கு அப்பால் நிற்கும் மனிதரே. உயிருள்ள சேவலைக் களத்தில் விடுபவருக்குத் தோல்வியின் உருவத்தைத் தீர்மானிக்கும் உரிமை இல்லை. அதனைக் கத்தியும் காயமும் தீர்மானிக்கும். அசைவூட்டக் கலைஞருக்கோ அவ்வுரிமை முழுவதும் உண்டு. சாவு வேண்டுமாயிற் சாவு, மயக்கம் வேண்டுமாயின் மயக்கம். ஆகவே, இப்படங்களில் தோற்றவருக்கு நேர்வது எதுவும் இயற்கையின் நியதியன்று. அது ஒரு தெரிவு. தெரிவாயின், அதனைத் தெரிந்தவர் யார், எந்நிலைமைகளில் தெரிந்தார் என்று கேட்பது வரலாற்று மாணவரின் கடமையாகின்றது.

3

முதற் கட்டத்தில் தோல்வி என்பது சாவாகவே இருந்தது. 1933இல் வெளிவந்த 'கிங் கொங்' படத்தில் வில்லிஸ் ஒப்ரையன் அசைவூட்டிய பெருங்குரங்கு, ரைரனோசோரஸ் என்னும் கொடும்பல்லியுடன் பொருதி, அதன் தாடைகளைப் பிளந்து கொல்கின்றது. கொன்ற பின்னர், செயலற்றுத் தொங்கும் அத்தாடையைக் கையாற் பிடித்துத் திறந்து மூடிப் பார்க்கின்றது. இச்சிறு செயல் கதைக்குத் தேவையானதன்று. ஆனால் அதுவரை எதிரியாக இருந்தது இப்போது பொருளாகிவிட்டது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டுதல் அரிது. இழவு என்பதன் உண்மைப் பொருள் இதுவே.

அதே குரங்கு இறுதியில் நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேற் கட்டடத்து உச்சியில் விமானங்களின் சுடுகலன்களுக்கு இலக்காகின்றது. தன் மார்பிலுள்ள காயத்தைக் கையால் தொட்டுப் பார்க்கின்றது. காட்டில் வென்றவன் நகரத்து இயந்திரத்திடம் தோற்கின்றான். பெரும் பொருளாதார மந்தத்தின் மிகக் கொடிய ஆண்டுகளில், வேலையிழந்தோர் நிறைந்த நகரங்களிலே இப்படம் காட்டப்பட்டது. தம்மிலும் பெரிதான, தமக்கு விளங்காத ஆற்றலொன்றினால் வீழ்த்தப்படுவோரின் நிலையை அம்மக்கள் அக்குரங்கிற் கண்டிருத்தல் கூடும். எதிரியாக அறிமுகமான விலங்கு, தோல்வியினாலேயே தலைவனாகி விடுகின்றது.

1940ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான வோல்ட் டிஸ்னி நிறுவனத்தின் 'ஃபன்டேசியா' படத்தில், ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கேற்ப அமைந்த பகுதியொன்றில் மழையின் நடுவே ரைரனோசோரஸும் ஸ்டெகோசோரஸும் பொருதுகின்றன. தோற்ற விலங்கின் தலை தாழ்கின்றது. முள்வால் தளர்ந்து விழுகின்றது. ஏனைய விலங்குகள் அசையாது நின்று பார்க்கின்றன. இங்கு பகைவனும் இல்லை, நீதியும் இல்லை. உயிரினங்களின் வரலாறு என்ற பெயரில் வலியதன் வெற்றி இயற்கையின் ஒழுங்காக முன்வைக்கப்படுகின்றது. ஐரோப்பா ஏற்கெனவே போரில் மூழ்கியிருந்த ஆண்டில் இக்காட்சி திரைக்கு வந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

4

இதே காலப்பகுதியில், அமெரிக்கப் படக்கூடங்களிலே தோல்வியின் மற்றொரு வடிவம் முழுவளர்ச்சி பெற்றது. அது சாகாத தோல்வி. 1940இல் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா ஆகியோர் எம்.ஜி.எம். நிறுவனத்தில் தொடங்கிய பூனை, எலித் தொடரில் டொம் என்னும் பூனை நசுக்கப்படுகின்றது, எரிக்கப்படுகின்றது, துண்டாக்கப்படுகின்றது. அடுத்த காட்சியில் முழுமையாக எழுந்து நிற்கின்றது. 1958 வரை இவ்விருவரும் இயக்கிய 114 குறும்படங்களில் இது ஓயாது நிகழ்ந்தது.

இதனைக் கற்பனையின் கட்டற்ற தன்மை என்று மாத்திரம் விளக்குதல் போதாது. பெரும்படத்துக்கு முன்னர் திரையிடப்படும் குறும்படம் தொடர்ச்சியாக உற்பத்தி செய்யப்பட வேண்டிய பண்டமாகும். மக்களுக்கு அறிமுகமான பாத்திரமே அப்பண்டத்தின் மூலதனம். மூலதனத்தைச் சாகவிடுதல் எந்த உற்பத்தியாளருக்கும் இயலாது. ஆகவே டொம் தோற்கவும் வேண்டும். அடுத்த படத்தில் மீண்டும் தோற்பதற்காகப் பிழைத்திருக்கவும் வேண்டும். எள்ளலும் பேதைமையும் நிலைக்களனாக நகை பிறக்கின்றது. அழுகைக்கு இடமே இல்லை. சிறியது பெரியதை வெல்லும் பொதுமக்கள் கதைமரபு இதிற் கலந்திருப்பதும் உண்மையே. உழைத்துக் களைத்த பார்வையாளர் எலியின் பக்கம் நின்றதில் வியப்பில்லை.

ஆயின், இந்த நகையும் போரின்போது சீருடை அணிந்தது. 1943இல் வெளியான 'யாங்கி டூடில் மவுஸ்' என்ற படம் நிலவறையொன்றைப் போர்க்களமாக்கி, முட்டைகளையும் மின்குமிழ்களையும் குண்டுகளாக்கியது. இறுதியிற் பூனை வாணமொன்றிற் கட்டப்பட்டு வானிலே வெடித்து, அமெரிக்கக் கொடியின் நட்சத்திரங்களும் பட்டைகளுமாக விரிகின்றது. எலி அதற்கு வணக்கம் செலுத்துகின்றது. அத்தொடருக்கு முதலாவது ஒஸ்கார் விருதைப் பெற்றுக்கொடுத்த படம் இதுவே. தோற்றவனின் உடலே வென்ற நாட்டின் கொடியாகும் இக்காட்சியைப் பரணி பாடிய புலவர் கண்டிருப்பின் நன்கு விளங்கிக் கொண்டிருப்பர்.

5

அதே 1943ஆம் ஆண்டில், பசுபிக் கடலின் மறுகரையிலும் விலங்குகள் சீருடை அணிந்தன. ஜப்பானிய நாட்டார் கதையொன்றின் தலைவன் மொமொத்தாரோ. நாய், குரங்கு, காட்டுக்கோழி ஆகியவற்றைத் துணையாகக் கொண்டு அரக்கர் தீவை வெல்பவன் அவன். மிட்சுயோ செயோ இயக்கிய 'மொமொத்தாரோவின் கடற்கழுகுகள்' என்ற 37 நிமிடப் படம், 1941 டிசெம்பரில் பேர்ள் துறைமுகத்தின் மீது நடத்தப்பட்ட தாக்குதலை அக்கதையாக மாற்றியது. அரக்கர் தீவு ஹவாய் ஆயிற்று. அங்கே நிலைகுலைந்து ஓடுபவனுக்கு, அமெரிக்கப் 'பொப்பாய்' படங்களில் வரும் பருத்த முரடனின் உருவமே கொடுக்கப்பட்டது. எதிரியின் சித்திரப் பாத்திரத்தையே எடுத்து எதிரியைத் தோற்கடிக்கும் உத்தி இது.

கடற்படை அமைச்சின் ஆதரவுடன் செயோ அடுத்து உருவாக்கிய 'மொமொத்தாரோ: கடலின் தெய்வீக வீரர்' 74 நிமிட நீளமுடையது, ஜப்பானின் முதலாவது முழுநீள அசைவூட்டப் படம். 1942 ஜனவரியில் செலெபெஸ் தீவின் மெனாடோவில் ஜப்பானியப் பரசூட் படை இறங்கியதை அடியொற்றியது அது. கரடியும் குரங்கும் நாயும் வானிலிருந்து குதிக்கின்றன. தீவின் விலங்குகளுக்கு ஜப்பானிய அரிச்சுவடி பாட்டாகக் கற்பிக்கப்படுகின்றது. தோற்றவரோ விலங்குகள் அல்லர். தலையிற் கொம்பு முளைத்த பிரித்தானிய அதிகாரிகள். மேசையின் ஒருபுறம் மொமொத்தாரோ நிமிர்ந்திருக்க, மறுபுறம் அவர்கள் தடுமாறிச் சாக்குப்போக்குக் கூறிச் சரணடைகின்றனர். 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தபோது நிகழ்ந்த சரணடைவின் நினைவு இக்காட்சியிற் படிந்துள்ளது.

இங்கு தோல்வியின் வடிவம் இழவன்று, இளிவு. கொல்வதைவிட இழிவுபடுத்துவதே நோக்கம். தீவுகளைப் பிடித்து ஆண்ட மேலைநாட்டார் மீது ஆசிய மக்களுக்கிருந்த நியாயமான சினத்தை இப்படம் பயன்படுத்திக்கொள்கின்றது. ஆனால் அச்சினத்தைத் தீவு மக்களிடம் கொடுக்காமல் மற்றொரு பேரரசின் கையிற் கொடுக்கின்றது. அரிச்சுவடி கற்கும் தீவு விலங்குகள் வென்றவையா, தோற்றவையா என்ற வினாவைப் படம் எழுப்பவேயில்லை. ஏகாதிபத்தியத்தின் கலையில் தோற்றவர் இருவகையினர்: கொம்புடன் காட்டப்படுவோர் ஒருவகை, தாம் தோற்றதையே அறியாது பாடிக்கொண்டிருப்போர் மற்றொரு வகை.

படம் 1945 ஏப்ரல் 12இல் திரையிடப்பட்டது. மார்ச் மாதத்தில் டோக்கியோ நகரின் பெரும்பகுதி தீக்குண்டுகளால் எரிந்துவிட்டது. பிள்ளைகள் பலர் நகரங்களிலிருந்து நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். யாருக்காகப் படம் எடுக்கப்பட்டதோ அவர்களுட் பலர் அதனைக் காணவில்லை. நான்கு மாதங்களின் பின் ஜப்பான் சரணடைந்தது. நீண்டகாலம் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட பிரதி 1980களின் முற்பகுதியில் ஷொச்சிக்கு நிறுவனத்தின் களஞ்சியத்திற் கண்டெடுக்கப்பட்டது. அன்று ஒசாக்காவில் அப்படத்தைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்த பதினாறு வயது இளைஞர் ஒசாமு டெசுக்கா, போருக்குப் பிந்திய ஜப்பானியச் சித்திரக் கலையின் தலைமகனானார் என்பது வரலாற்றின் நகைமுரண்.

6

போருக்குப் பின்னர் ஜப்பானிற் பிறந்த பிராணிப் போர்களை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். 1963 ஜனவரி 1இல் டெசுக்காவின் 'இரும்புக்கரத்து அட்டொம்' தொலைக்காட்சியிற் தொடங்கியபோது, குறைந்த செலவிலும் குறைந்த எண்ணிக்கையான சித்திரங்களிலும் வாராந்தம் ஒரு பகுதியை உருவாக்கும் முறை நிலைபெற்றது. டிஸ்னியின் ஸ்டெகோசோரஸ் சாவதற்குப் பெருந்தொகையான சித்திரங்கள் வேண்டியிருந்தன. தொலைக்காட்சிக்கு அவ்வசதி இல்லை. எனவே தோல்வி குறியீடாகச் சுருங்கியது. சுருள் வடிவக் கண்கள், திறந்த வாய், தூசிப்படலம் ஆகிய சித்திரக்கதைக் குறிகள் சில போதும், பிள்ளை புரிந்துகொள்ளும். உற்பத்தி நிலைமையே இங்கு அழகியலாயிற்று.

இக்குறியீடு உலகளாவியது 'போக்கிமொன்' வாயிலாகவே. சிறுபராயத்திற் பூச்சி பிடித்துச் சேர்த்த சட்டோஷி டஜிரி, நகரம் விரிந்து வயல்களையும் குளங்களையும் விழுங்கிய பின் வளரும் பிள்ளைகளுக்கு அவ்வின்பத்தை வேறு வழியில் அளிக்க முற்பட்டார். அதன் விளைவாக 1996 பெப்ரவரி 27இற் கையடக்க விளையாட்டுப் பொறிக்கான போக்கிமொன் வெளியாயிற்று. 1997 ஏப்ரல் 1இல் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. ஸ்டாரெவிச்சின் மேசையில் இருந்த வண்டுகள் மீண்டும் வந்துவிட்டன எனலாம். ஆனால் இப்போது அவை சாவதில்லை. விளையாட்டில் தோற்பதைச் 'சாவு' என்று பிள்ளைகள் எளிதாகச் சொல்லிப் பழகுவது தகாது என்றும், அதனாலேயே தம் பிராணிகள் சாகாமல் மயங்கும்படி அமைத்ததாகவும் டஜிரி 1999இல் அளித்த நேர்காணலொன்றிற் கூறியுள்ளார். மூல ஜப்பானிய விளையாட்டிலே இந்நிலையைக் குறிக்கும் சொல் 'மரணத் தறுவாய்' என்று பொருள்படுவது. ஆங்கிலத்தில் அது 'மயக்கம்' என மென்மையாக்கப்பட்டது.

தொலைக்காட்சித் தொடரில் தோல்வி ஒரு சடங்காக நிகழ்கின்றது. பிராணி சாய்கின்றது, அதன் கண்கள் சுருளாகின்றன. நடுவர் கொடியை உயர்த்தி, அது தொடர்ந்து போரிட இயலாத நிலையில் உள்ளதென அறிவிக்கின்றார். உரியவர் அதனைப் பந்தினுள் மீள அழைத்து, நன்றாகப் போரிட்டாய், ஓய்வெடு என்கின்றார். பின்னர் மருத்துவ நிலையமொன்றில் அது கட்டணமின்றிக் குணமாக்கப்படுகின்றது. தொல்காப்பியர் மொழியிற் கூறின் இது இழவன்று, இளிவுமன்று, அசைவு மாத்திரமே. மொமொத்தாரோவின் காலத்திலிருந்து நோக்குமிடத்து இது பெரியதொரு முன்னேற்றம் என்பதை நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்கின்றோம். தோற்றவர் இகழப்படுவதில்லை, அழிக்கப்படுவதுமில்லை. தோற்றவருக்கு நன்றி கூறும் போரை முன்னைய படங்களில் நாம் காணவில்லை.

ஆயினும் இச்சடங்கின் பொருளியலையும் கவனித்தல் வேண்டும். போரிடுவது பிராணி, தோற்றவர் எனப் பெயர் பெறுபவர் அதன் உரிமையாளர். முதல் விளையாட்டில், கைவசமுள்ள பிராணிகள் யாவும் மயங்கினால் திரை இருள்கின்றது. ஆட்டக்காரர் தம் பணத்திற் பாதியை இழந்து மருத்துவ நிலையத்திற் கண்விழிக்கின்றார். வென்றாலோ எதிராளியிடமிருந்து பணம் கிடைக்கின்றது. காயம் ஒருவருக்கு, கணக்கு மற்றொருவருக்கு. நாள் முழுதும் உழைத்துத் தளர்ந்த உடலை மறுநாள் உழைப்புக்கு ஆயத்தமாக்குவதையே உழைப்புச் சக்தியின் மறு உற்பத்தி என்பர். மருத்துவ நிலையத்தின் வெண்ணிற மேசையில் நிகழ்வது அதுவே. அங்கு செலவுமில்லை, தழும்புமில்லை. உழைப்பவரின் உடல் என்றுமே தேய்வதில்லை என்பது முதலாளியத்தின் மிகப் பழைய கனவு.

தொடரிலேயே இக்கனவு குலையும் தருணம் ஒன்றுண்டு. கதைத் தலைவன் சட்டோஷி (ஆங்கில வடிவில் ஆஷ்) முதலாவது பெரும் போட்டியில் முன்னேறிச் செல்கையில், லிசார்டன் என்னும் தீக்கக்கும் பறவைநாகம் போரிட மறுத்துக் களத்திலே படுத்துக் கொள்கின்றது. அதற்குக் காயமில்லை, அது தோற்கவுமில்லை. ஆனால் நடுவர் அதனைப் போட்டியிலிருந்து நீக்குகின்றார், சட்டோஷி தோற்கின்றான். போரிட இயலாமையும் போரிட மறுத்தலும் விதிகளின் கண்ணில் ஒன்றே. வேலைநிறுத்தத்தின் வரலாற்றை அறிந்தோருக்கு இது புதிய செய்தியன்று.

7

1997 டிசெம்பர் 16ஆம் திகதி மாலை ஒளிபரப்பான பகுதி இவ்வரலாற்றில் தனியிடம் பெறுகின்றது. ஏவுகணைகள் வெடிக்கும் காட்சியொன்றிற் சிவப்பும் நீலமுமான ஒளி மிக விரைவாக மாறி மாறி மின்னியது. அதனைக் கண்ட பிள்ளைகள் பலர் வலிப்பும் மயக்கமும் உற்றனர். 680க்கும் மேற்பட்டோர் வைத்தியசாலைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தொடர் நான்கு மாதங்கள் நிறுத்தி வைக்கப்பட்டு 1998 ஏப்ரலிலேயே மீளத் தொடங்கியது. அதன்பின் ஜப்பானிய ஒளிபரப்பாளர்கள் மின்னும் ஒளி தொடர்பான நெறிகளை வகுத்தனர்.

திரையிலே பிராணிகள் மயங்குவது விதி. அன்று திரைக்கு முன்னாற் பிள்ளைகள் மயங்கினர். அம்மயக்கத்துக்குச் சுருள் கண்கள் இல்லை. கொடி உயர்த்தும் நடுவரும் இல்லை. இதன் பின் நிகழ்ந்ததும் கவனிக்கத்தக்கது. அந்த ஒளியை எழுப்பிய தாக்குதல், தொடரின் செல்லப்பிள்ளையான பிக்காச்சுவினுடையது. ஆனால் அப்பகுதியின் தலைப்பைத் தாங்கிய பொரிகொன் என்னும் பிராணியே அதன் பின்னர் அத்தொடரில் முதன்மைப் பாத்திரமாக வராமற் போயிற்று. விற்பனைக்குரிய முகம் காக்கப்பட்டது. வலுக்குறைந்தது பழி சுமந்தது. எப்பிராணியும் முற்றாகத் தோற்பதில்லை என்ற அவ்வுலகில் உண்மையான தோல்வி என்பது மறக்கப்படுதலே.

அடுத்த ஆண்டு, 1998 ஜூலையில் வெளியான முதலாவது திரைப்படத்தில், இயக்குநர் குனிஹிக்கோ யுயாமாவும் எழுத்தாளர் தக்கேஷி ஷுடோவும் அச்சடங்கைத் தாமே கேள்விக்குள்ளாக்கினர். செயற்கையாக உருவாக்கப்பட்ட மியூட்டு என்னும் பிராணி, ஏனைய பிராணிகளின் நகல்களைப் படைத்து மூலங்களுடன் மோதவிடுகின்றது. தனித்திறன்கள் தடுக்கப்பட்டதால் அவை உடலோடு உடல் மோதுகின்றன. ஒத்த வலிமையுடையவை ஆதலால் எதுவும் வெல்வதில்லை. இணை இணையாகத் தளர்ந்து விழுகின்றன. நடுவர் இல்லை, பந்து இல்லை, ஓய்வெடு என்பாரும் இல்லை. நகல் பிக்காச்சு அறைய அறைய மூலப் பிக்காச்சு திருப்பி அடிக்க மறுக்கின்றது. விதிகள் நீங்கியபோது போரின் உருவம் வெளிப்பட்டது. லிசார்டனின் மறுப்பு தோல்வி எனப்பட்டது. பிக்காச்சுவின் மறுப்போ அப்படத்தின் அறமாக உயர்கின்றது. ஒரே படைப்புலகம் ஒரே செயலை இருவேறாக மதிப்பிடுவது அதன் உள்முரண்பாட்டைக் காட்டுகின்றது.

8

1999 மார்ச்சிற் தொடங்கிய 'டிஜிமொன் அட்வென்சர்' மற்றொரு விடையை அளித்தது. இதன் மூலம் 1997இல் விற்பனைக்கு வந்த கையடக்கப் பொம்மை. அப்பொம்மையிற் பராமரிப்புத் தவறினாற் பிராணி இறந்துவிடும். தொடரிலும் தோற்றவை துகள்களாகச் சிதறுகின்றன. தீயோனை அழிக்கத் தன் ஆற்றல் முழுவதையும் செலவிட்ட ஏஞ்சமொன் மறைந்து முட்டையாகின்றது. அதனைச் சிறுவனொருவன் கையிலேந்தி நிற்கின்றான். இங்கு தோல்விக்கும் மீட்சிக்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் அழுகைக்கு இடமுண்டு. மீண்டு வருவது அதே தோழனா என்ற ஐயத்துக்கும் இடமுண்டு.

2001இல் ஒளிபரப்பான மூன்றாவது தொடர், சியாக்கி கொனாக்காவின் எழுத்தில், இதனினும் ஒரு படி சென்றது. அதிலே வென்ற பிராணி தோற்றதன் தரவுகளை உட்கொண்டு வலுப்பெறுகின்றது. ஒன்றின் அழிவே மற்றொன்றின் திரட்சி என்னும் இவ்விதி, செல்வக் குவிப்பின் இரகசியத்தைப் பிள்ளைகளுக்கு மறைக்காமற் சொல்கின்றது. இத்தொடரில் லியோமொன் கொல்லப்படும்போது அது மீண்டு வருவதில்லை. அதன் தோழியான சிறுமி ஜூரியின் துயர் ஓர் அத்தியாயத்துடன் முடிவதுமில்லை. கதையின் இறுதிவரை தொடர்ந்து, கதையின் போக்கையே மாற்றுகின்றது. தோல்விக்குப் பின்னரும் காலம் உண்டு, அக்காலத்தில் எஞ்சியோர் வாழ வேண்டியிருக்கின்றது என்பதை இவ்வகைப் படங்களில் இத்துணை நேர்மையாகக் காட்டியவை சிலவே.

9

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். பிராணிப் போர்களில் தோல்வி முதலிற் சாவாக இருந்தது. பின்னர் பண்டத்தின் தேவையாற் சாகாத நகையாயிற்று. பேரரசின் தேவையால் இளிவாயிற்று. போர் ஓய்ந்த சமுதாயத்தில், தொலைக்காட்சியின் சிக்கனமும் சந்தையின் தேவையும் கலைஞரின் இரக்கமும் சேர்ந்து அதனைத் தளர்ச்சியாக்கின. இவ்வளர்ச்சியை நேர்கோடாகக் கொள்ளுதல் தவறு. ஒரு காலத்திலேயே பல வடிவங்கள் நிலவின. ஆயினும் ஒவ்வொரு வடிவத்தின் பின்னாலும், தோற்றவரின் உடல் யாருக்கு எவ்வகையிற் பயன்படுகின்றது என்ற வினா உள்ளது.

பிள்ளைகளுக்குச் சாவைக் காட்ட வேண்டும் என்பது நமது வாதமன்று. தோற்றவர் மீண்டும் எழுவார் என்ற நம்பிக்கை பிள்ளைக்கு மட்டுமன்றி முதியோர்க்கும், தனிமனிதர்க்கு மட்டுமன்றி மக்கட் கூட்டத்தினர்க்கும் வேண்டப்படுவது. டஜிரியின் தெரிவு மனிதநேயம் வாய்ந்தது. ஆனால் தழும்பற்ற மீட்சி என்பது அந்நம்பிக்கையின் போலி உருவம். அது காயத்தை மறைக்கின்றது. காயம் செய்தவரையும் சேர்த்தே மறைக்கின்றது. 1983 முதல் 2009 வரை போருக்குள் வாழ்ந்த நாட்டில் இருந்து இதனை எழுதும் நமக்கு, வெண்ணிற மேசையில் ஒரு நொடியிற் குணமாகும் உடலும், வாணமாக வெடித்துக் கொடியாகும் உடலும் வெறும் சித்திரங்களாகத் தோன்றுவதில்லை.

தோற்றவரை இகழாதிருத்தல் முதற்படி. அவருடைய இழப்பை இழப்பென்று ஏற்றல் இரண்டாம் படி. போக்கிமொன் முதற்படியை எட்டியது. ஜூரியின் துயரைச் சொன்ன தொடர் இரண்டாவதைத் தொட்டது. போரிட மறுப்பதைத் தோல்வி எனக் கொள்ளாத விதியொன்றை வகுப்பதே மூன்றாவது படி. களத்திலே படுத்துக்கொண்ட லிசார்டனுக்காக அந்நடுவர் எந்தக் கொடியை உயர்த்தியிருக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் தரும் விடைகள் இத்துறையின் அடுத்த ஆய்வுக்குப் பொருளாதல் கூடும்.